பெண்களுக்குத் தனி அருங்காட்சியகம் எதற்கு?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பெண்களுக்கென்று தனியாக அருங்காட்சியகம் வைக்கிறார்களே, ஆண்களுக்கென்று எங்காவது இருக்கிறதா? திறமை இருந்தால் எல்லோரோடும் சேர்ந்து வர வேண்டியதுதானே?"

பேச்சு வளர்ந்தபோது காரணம் தெரிந்தது. அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. "பெண் என்பதால் கொடுத்துவிட்டார்கள்" என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்களாம். "அந்தப் பெண்ணின் வேலை எப்படி?" என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "வேலையில் குறை சொல்ல முடியாது ஹஜ்ரத்" என்றார்.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒருவரின் வேலையை எதை வைத்து எடைபோடுவது என்பது ஒன்று. செய்த வேலை யாருடைய பெயரில் நினைவில் நிற்கிறது என்பது மற்றொன்று. முதலாவது பணியிடத்தில் தீர்க்கப்பட வேண்டியது. பெண்கள் அருங்காட்சியகம் இரண்டாவது கேள்விக்காக வந்தது.

அவை தோன்றிய காரணம்

ஜெர்மனியின் பான் நகரில் 1981 இல் பெண்கள் அருங்காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டது. உலகின் முதல் பெண்கள் அருங்காட்சியகம் என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் 1987 இல் திறக்கப்பட்டது. அதை நிறுவிய வில்ஹெல்மினா ஹாலடே, ஐரோப்பியப் பயணம் ஒன்றில் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண்ணின் ஓவியங்களைப் பார்த்து வியந்தார். ஊர் திரும்பி, கல்லூரிகளில் பாடமாக இருந்த ஜான்சனின் கலை வரலாற்று நூலில் அந்தப் பெயரைத் தேடினார். அந்தப் பெயர் மட்டுமல்ல, எந்தப் பெண் ஓவியரின் பெயரும் அதில் இல்லை. 1962 இல் முதலில் வெளிவந்த அந்தத் தடித்த நூலில் ஒரு பெண்கூட இடம்பெறவில்லை!

இளைஞரின் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஆண்களுக்கென்று தனி அருங்காட்சியகம் தேவைப்படவில்லை. பொது அருங்காட்சியகங்களே பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன.

பெயர் மாறியது, விலை குறைந்தது

"தரமான வேலை தானாகவே வெளியே தெரியும்" என்று சொல்வார்கள். ஹாலந்து ஓவியர் ஜூடித் லேஸ்டர் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 1633 இல் ஹார்லெம் நகரின் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர் அவர். 1660 இல் இறந்த பிறகு அவருடைய ஓவியங்கள் பிரான்ஸ் ஹால்ஸ் போன்ற ஆண் ஓவியர்களின் பெயரில் அறியப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹால்ஸ் வரைந்தது என்று பெரும் விலைக்கு விற்கப்பட்ட ஓர் ஓவியத்தில் லேஸ்டரின் கையெழுத்துக் குறி கண்டுபிடிக்கப்பட்டது. வாங்கியவர்கள் லண்டனில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1893 இல், விலையைக் குறைத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஓவியம் அதேதான். அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. பெயர் மாறியதும் மதிப்பு குறைந்தது. அப்படியென்றால் அதுவரை எடைபோடப்பட்டது வேலை மட்டும்தானா?

பணியிடத்தில் நடப்பதும் இதுதான். ஆண் முன்னேறினால் திறமை, பெண் முன்னேறினால் சலுகை என்று வேலையைப் பார்க்காமலே முடிவுகட்டுகிறோம். அமெரிக்க இசைக்குழுக்கள் சில 1970களிலும் 80களிலும் இதற்கு ஒரு வழி கண்டன. விண்ணப்பிப்பவரைத் திரைக்குப் பின்னால் அமர்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். செருப்புச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் விரிப்புகூடப் போட்டார்கள். இசை பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விஷயம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது அளக்கும் முறையை. அளவுகோலைத் தாழ்த்தவில்லை, அளப்பவரின் கண்ணைத்தான் மறைத்தார்கள்.

நம் இமாம்களின் வழி

இந்த இரண்டு கேள்விகளையும் நம் ஹதீஸ் கலை இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழகாகப் பிரித்துக் கையாண்டார்கள்.

அறிவிப்பாளரை எடைபோடும்போது நேர்மையும் நினைவாற்றலும்தான் அளவுகோல். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த 2,210 ஹதீஸ்கள் பெண்களுக்கான தனிப் பாடமாக ஒதுக்கப்படவில்லை. தொழுகை, நோன்பு, வணிகம் என அந்தந்தப் பாடத்திலேயே இருக்கின்றன. ஹிஜ்ரி 5 ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா அவர்களிடம் ஸஹீஹுல் புகாரியை ஓதிப் பாடம் கேட்டவர்களில் இமாம் கதீப் அல்பக்தாதியும் ஒருவர். பெண் என்பதால் அவரைத் தவிர்க்கவும் இல்லை, சலுகை காட்டவும் இல்லை. அவருடைய பிரதி துல்லியமானது என்பதால் தேடிச் சென்றார்கள்.

அதே இமாம்கள் பெண்களுக்குத் தனி இடமும் ஒதுக்கினார்கள். இப்னு ஸஅத் அவர்களின் தபகாத் நூலின் இறுதிப் பகுதி முழுவதும் பெண்களைப் பற்றியது. ஹிஜ்ரி 9 ஆம் நூற்றாண்டின் பிரமுகர்களைத் தொகுத்த இமாம் ஸகாவீ, தம் நூலின் 12 ஆம் பாகத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்காக ஒதுக்கினார். திறமையை அளக்க ஒரே தராசு. பெயர் தொலையாமல் காக்கத் தனிப் பாகம். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

எச்சரிக்கையும் வேண்டும்

தனி இடம் இருக்கிறது என்று சொல்லிப் பொதுக் கூடத்திலிருந்து பெண்களை விலக்கிவிடக் கூடாது. எண்ணிக்கைக்காக மிகைப்படுத்தி எழுதுவதும் கூடாது. அது உண்மையாகச் சாதித்தவருக்கு இழைக்கும் அநீதி. பட்டமும் பதவியும் மட்டுமே சாதனை என்று சுருக்கிவிடவும் கூடாது. ஹனோயில் உள்ள வியட்நாம் பெண்கள் அருங்காட்சியகத்தில் போராட்ட வீராங்கனைகளோடு திருமணம், பிள்ளைப்பேறு, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றுக்கும் இடம் இருக்கிறது. குடும்பத்தைச் சுமந்தவளின் உழைப்பும் வரலாறுதான்.

நம் வீட்டில்

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அது போகட்டும். நமக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்த உஸ்தாதம்மாவின் முழுப் பெயர் நமக்குத் தெரியுமா? தாலியை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டியின் பெயர் நம் குடும்ப வரலாற்றில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

ஆணாயினும் பெண்ணாயினும் செயல்புரிவோரின் செயலை வீணாக்குவதில்லை என்று அல்லாஹ் 3:195 ஆம் வசனத்தில் வாக்களிக்கிறான். அவனிடம் எந்தப் பெயரும் தொலைவதில்லை. தொலைப்பது நாம்தான்.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, நம் குடும்பப் பெண்களின் பெயர்களையும் அவர்கள் செய்தவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நாளை நம் மகள் வேலைக்குப் போய் முன்னேறும்போது, "பெண் என்பதால் கிடைத்தது" என்று பேசுவோர் இருப்பார்கள். அவளுக்கு முன் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று அவளிடம் சொல்ல அந்த நோட்டு உதவும். நம் மகன்களும் அதைப் படிக்கட்டும். அடுத்தவர் உழைப்பை நீதியாக எடைபோடும் பழக்கம் அவர்களுக்கும் வரும், இன்ஷா அல்லாஹ்.