கிடாருக்கு ஓரம் கட்டுகிற வேலை



முறம் பின்னி முடித்து ஓரம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? நாலு நாள் புடைத்தால் போதும், பிரிய ஆரம்பித்துவிடும். பாய்க்கும் அப்படித்தான், சேலைக்கும் அப்படித்தான். ஃபால்ஸ் தைத்த சேலை எவ்வளவு நாள் உழைக்கும், தைக்காதது எவ்வளவு நாள் உழைக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இதழில் பார்க்கப்போவதும் ஓரம் கட்டுகிற ஒரு வேலைதான். பொருள் மட்டும் நமக்குப் புதுசு: கையால் செய்கிற கிடார்.

கிடார் நமக்கு எதுக்கு என்று கேட்காதீங்க. சணல் பையோ, அட்டைப்பெட்டியோ, போட்டோ ஃபிரேமோ, பசை தொட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இன்னொன்று, உலகத்தில் நல்ல கிடார்கள் பலவற்றின் முதுகும் பக்கமும் நம்ம தென்னிந்திய ஈட்டி மரத்தில்தான் செய்யப்படுகின்றன.

கிடாரின் உடம்பு ஒரு மரப்பெட்டி. எட்டு என்ற எண் மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும். முன்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற வெள்ளை மரம், மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பக்கப்பலகை அதைவிட மெலிசு. சூடு காட்டி வளைத்திருப்பார்கள். இந்த இரண்டும் சேருகிற விளிம்பில்தான் ஆபத்து. மரத்தை நெடுக்கே அறுத்த பக்கம் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். குறுக்கே வெட்டுப்பட்ட பக்கமோ உறிஞ்சுகுழல் மாதிரி. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும். கடைசியில் வெடிப்பு விடும். இடிபடுவதும் முதலில் இந்த விளிம்புதான்.

அதனால் விளிம்பைச் சுற்றிலும் ஒரு சின்னப் படி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெல்லிய பட்டையை ஒட்டி மூடுகிறார்கள். தொழில் செய்பவர்கள் இதை 'பைண்டிங்' என்பார்கள். நாம் ஓரப்பட்டை என்றே சொல்வோம். கனம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர், அகலம் ஆறு மில்லிமீட்டர் அளவு. வெள்ளை, கறுப்பு, மரநிறம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே தலைமுடி கனத்தில் இரண்டு மூன்று கோடுகளையும் சேர்த்து ஒட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அலங்காரம்தான் தெரியும். அதற்குள்ளே காப்பு இருக்கிறது.

முன்காலத்தில் விலை உயர்ந்த கிடார்களுக்கு யானைத் தந்தத்தில் பட்டை போட்டார்கள். அமெரிக்காவில் 1833 முதல் கிடார் செய்துவரும் மார்ட்டின் கம்பெனி 1918 வாக்கில் தந்தத்தை விட்டுவிட்டு செல்லுலாய்டுக்கு மாறியது. பழைய சினிமா பிலிம் செய்த அதே பொருள்தான் செல்லுலாய்டு. சீக்கிரம் தீப்பிடிக்கும். இப்போது சாதாரண பிளாஸ்டிக், மரம், செல்லுலாய்டு மூன்றுமே புழக்கத்தில் இருக்கின்றன.

இனி ஒட்டுகிற விதத்துக்கு வருவோம். முதலில் பசையே தொடக்கூடாது. பட்டையை வெட்டின படியில் வைத்து, வெறுமனே டேப் போட்டுச் சுற்றிலும் பொருத்திப் பார்க்க வேண்டும். எங்கே இடைவெளி தெரிகிறது, எங்கே துருத்துகிறது என்று இப்பவே பார்த்துவிட வேண்டும். பசை தடவின பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. துருத்துகிற இடத்தை உளியால் லேசாகச் சீவினால் சரியாகிவிடும்.

இடுப்பு வளைவுதான் கஷ்டமான இடம். மரப்பட்டை என்றால் லேசாக ஈரம் காட்டி, சூடான இரும்புக் குழாய் மேல் வைத்து முன்கூட்டியே வளைத்துவிட வேண்டும். கையால் அழுத்தி வளைத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒட்டும்போது 'பட்' என்று ஒடியும். பிளாஸ்டிக் பட்டைக்கு வெந்நீரோ முடி காயவைக்கும் மெஷினின் சூடோ போதும். செல்லுலாய்டு பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது.

பசையும் பொருளுக்குத் தகுந்த மாதிரி மாறும். மரத்துக்கு மரம் என்றால் பெவிகால் போன்ற வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும். செல்லுலாய்டுக்கு அது ஆகாது. அதற்கு அசிட்டோன் கலந்த பசை வேண்டும். நகப்பாலிஷ் அழிக்கிற மருந்து வாசனை வருமே, அதேதான். இது பட்டையின் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்து மரத்தோடு பிடிக்க வைக்கிறது. இந்தப் பசையோடு வேலை செய்யும்போது ஜன்னல் கதவு திறந்திருக்க வேண்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. தலை சுற்றினால் 'பசியாக இருக்கும்' என்று விட்டுவிடாமல் உடனே வெளிக்காற்றுக்கு வாங்க. காலணி, பை ஒட்டுகிற பசைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஒட்டுவதை உடம்பின் அடிப்பக்கம் நடுவிலிருந்து தொடங்குவார்கள். ஒரு சாண் நீளம் பசை, உடனே பட்டையை அழுத்தி டேப், பிறகு அடுத்த சாண். மொத்தமாகத் தடவினால் பாதிக்கு மேல் காய்ந்துபோகும். இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு டேப். கணக்குப் போட்டுப் பாருங்க: பட்டை ஒவ்வொன்றும் சுமார் 80 சென்டிமீட்டர், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக நாலு பட்டை. ஒரு கிடாருக்கு 120 டேப்புக்கு மேல் கிழித்து ஒட்ட வேண்டும்! சில இடங்களில் டேப்புக்குப் பதிலாக நீளத் துணிப்பட்டையால் முழு உடம்பையும் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள், எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப்போட்ட மாதிரி.

வெள்ளைப் பசைக்கு ஒரு ராத்திரி காயவிட வேண்டும். அசிட்டோன் பசைக்கு அதைவிடக் கூடுதல் நாள் தேவை. டேப்பை வெடுக்கென்று இழுத்தால் முன்பலகையின் நார் சேர்ந்து வந்துவிடும். லேசாகச் சூடுகாட்டி, டேப்பைப் பின்பக்கமாக மடித்து, மெதுவாக உரிக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் பட்டையை இரும்புத் தகட்டால் சுரண்டிச் சமப்படுத்துவார்கள். எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போட்டால் ஈட்டி மரத்தின் கறுப்புத் தூள் வெள்ளை மரத்தில் ஏறிக் கறையாகிவிடும்.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. 'ஓரம் ஒட்டுறதுதானே, கடைசி வேலைதானே' என்று வியாபாரிகள் சொல்வதை நம் பெண்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிக நேரம் பிடிப்பதும் தவறு நடந்தால் முழுப் பொருளையும் கெடுப்பதும் இந்த வேலைதான். ஆகவே செலவுக் கணக்கு எழுதும்போது ஓரவேலைக்குத் தனி வரி போடுங்க. பசை, டேப், பொருத்திப் பார்க்கும் நேரம், சுரண்டும் நேரம் எல்லாம் அதில் வர வேண்டும். காய்கிற நேரத்துக்குக் கூலி கேட்க முடியாதுதான். ஆனால் சரக்கு கொடுக்கும் தேதி பேசும்போது அந்த நாட்களைச் சேர்த்தே பேச வேண்டும்.

பெண்கள் செய்த வேலை கணக்கில் வராமல் போவது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் கிப்சன் கம்பெனியின் கிடார் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனபோது உள்ளூர்ப் பெண்கள்தான் அங்கே கிடார் செய்தார்கள். கம்பெனியோ, போர்க்காலத்தில் கிடாரே செய்யவில்லை, போர்ச் சாமான்தான் செய்தோம் என்று சொல்லிவந்தது. ஜான் தாமஸ் என்பவர், தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் 1944-ம் வருடத்துப் போட்டோவைப் பார்த்துத் தேடத் தொடங்கினார். சரக்கு அனுப்பிய பழைய பதிவேடுகளைப் புரட்டினார், உயிரோடிருந்த தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அந்த வருடங்களில் ஆயிரக்கணக்கான கிடார்கள் வெளியே போயிருந்தன! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, உள்வேலை மற்றக் காலத்துக் கிடார்களைவிட நயமாக இழைக்கப்பட்டிருந்தது. இதையெல்லாம் அவர் 2013-ல் புத்தகமாகப் போட்டார். பதிவேடு மட்டும் இல்லாமல் போயிருந்தால் எதை வைத்துக் காட்டியிருப்பார்? நம்ம குழுவிலும் யார் எந்த வேலையை எத்தனை எண்ணம் செய்தார் என்று பெயர் போட்டு எழுதி வைப்பது நல்லது.

பழைய கிடார்களில் இன்னொரு வேலையும் இருக்கிறது. செல்லுலாய்டு பட்டை வருடங்கள் ஆக ஆகச் சுருங்கும். நீளம் குறைந்ததும் முதலில் இடுப்புப் பக்கத்தில்தான் மரத்தை விட்டு விலகி, வில்லுக்கயிறு மாதிரி நேராக நிற்கும். அதை அப்படியே அழுத்தி ஒட்டினால் திரும்பவும் பிரியும். அடிப்பக்கத்து மூட்டு வரை பட்டையைக் கழற்றி, சூடு காட்டி, இடுப்பில் அழுந்த உட்காரவைத்து ஒட்டிவிட்டு, மூட்டில் விழுகிற இடைவெளிக்கு அதே நிறத்தில் ஒரு சின்னத் துண்டு வைப்பார்கள். அரிசி அளவுத் துண்டுதான். நிறம் பொருந்துகிற துண்டு தேடத்தான் நேரமாகும். அதனால் பழைய பட்டைத் துண்டுகளை யாரும் குப்பையில் போடுவதில்லை, டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.