சுற்றிப் போனால் சீக்கிரம் சேரலாம்!

தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எந்தத் திசையில் உள்ளது? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் சிலர் மேற்கு என்பர். சிலர் கிழக்கு என்பர். உலகம் உருண்டை ஆதலால் இரண்டு வழியாகவும் போகலாம். ஆனால் மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால் இரு சாராரும் தோற்பர். அவ்வழி வடக்கே செல்கிறது!

ஐயமிருப்பின், ஓர் உலக உருண்டையை எடுத்து, இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் இமயத்தைத் தாண்டி, சைபீரியா வழியே ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து, அலாஸ்காவின் மேல் இறங்கி வரும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். நீளம் சுமார் 12,400 கி.மீ. எனினும், நாடுகளின் வான்வெளி அனுமதி, அவசரத்தில் இறங்குவதற்கான இடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருப்பதால், விமானங்கள் எப்போதும் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை.

ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்து வந்தது. 2016 அக்டோபரில் அதனைக் கிழக்கு நோக்கித் திருப்பிப் பசிபிக் வழியாகச் செலுத்தினர். தூரம் 15,300 கி.மீ. ஆயிற்று. ஆனால் பயணம் சுமார் 14½ மணி நேரத்தில் முடிந்தது. 1,400 கி.மீ. கூடியும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்!

இந்த விந்தையைச் செய்தது காற்று. வட கோளத்தில், பூமிக்கு மேலே சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 100 கி.மீ. வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,000 கி.மீ.; எதிர்த்து வீசினால் 800 கி.மீ. தான். ஆற்றோட்டத்தில் ஓடம் விடுபவருக்கு இது தெரிந்த கணக்கே.

இங்கே நண்பர் ஒருவர் கேட்கலாம்: "பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் தானே எதிரே வந்து சேராதா?" சேராது. ஓடும் ரயிலில் பந்தை மேலே எறிந்தால் அது நம் கைக்கே திரும்புகிறது. அதுபோல, விமானமும் அதனைச் சூழ்ந்த காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஆயினும் சுழற்சிக்குப் பங்கே இல்லை என்பதும் பிழை. வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கிச் செல்லும் காற்றைக் கிழக்கே திருப்பி, ஜெட் காற்றோட்டம் உருவாகக் காரணமாவது அச்சுழற்சியே.

இன்னுமொரு வேடிக்கை. அக்டோபரில் இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் 12½ மணி நேரம் வேறுபாடு. தில்லியில் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு 14½ மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே திங்கட்கிழமை காலை 6 மணி! கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டு மணி நேரப் பயணம் என்றே எண்ணுவார்.

ஆகவே, இனி "எவ்வளவு தூரம்?" என்று யாரேனும் கேட்டால், தூரத்தைச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். எந்த வழி, எந்தக் காற்று, எந்த ஊர்க் கடிகாரம் என்ற மூன்றையும் அறிந்த பிறகே பயண நேரத்தைச் சொல்ல முடியும்.