ரேம் கணக்கு மட்டும் போதுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நன்றாக ஓடும் பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. ஆனால், ‘எது குறைவாக ரேம் எடுக்கிறதோ அதையே போடுங்கள்’ என்ற ஆலோசனை பாதிதான் சரி. எல்எக்ஸ்டிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். 2006-இல் தைவானின் ஹொங் ஜென் யீ தொடங்கியது, மிக இலகுவானது. ஆனால் அதில் ஒரு குறுக்குவிசையை மாற்ற, அதன் சாளர மேலாளரான ஓபன்பாக்ஸின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து கையால் திருத்த வேண்டும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கோப்பு பிழையாகிவிடும். 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பிலோ அமைப்புகள் சாளரத்தைத் திறந்து, வேண்டிய விசையை அழுத்தினால் வேலை முடிந்தது. தமிழ்99 விசைப்பலகையையும் அங்கேயே பட்டியலிலிருந்து சேர்க்கலாம். ஆல்ட் விசையைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரை முழுதும் பெரிதாகும்; பார்வை மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி.

உரைக்கோப்பில் திருத்துவதுதான் ஒளிவுமறைவற்ற முறை, அப்படியே நகலெடுத்து வேறு கணினியிலும் போடலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் எக்ஸ்எஃப்சிஇ-யும் தன் அமைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்புகளாகத்தான் சேமிக்கிறது. சாளரம் வந்ததால் கோப்பு பறிபோகவில்லை. ரேம் வாதத்துக்கு வருவோம். 1 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் ஒவ்வொரு மெகாபைட்டும் முக்கியம். அங்கே நான் வாதாடமாட்டேன். 4 ஜிபி இருந்தால், பிரவுசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்ததுமே டெஸ்க்டாப்புகளுக்கிடையிலான வித்தியாசம் அடிபட்டுப்போகும். ரேசர்-க்யூடி என்ற டெஸ்க்டாப்பும், க்யூடி கருவித்தொகுதியில் எழுதிய எல்எக்ஸ்டிஇ-யின் வடிவமும் 2013-இல் கைகோத்துப் பிறந்த எல்எக்ஸ்க்யூடி-யில் குறுக்குவிசைகளுக்குத் தனிச் சாளரமே உண்டு. இலகுவாக இருக்க வசதியைப் பலிகொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

எக்ஸ்எஃப்சிஇ-யிலும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. அதன் சில தீம்களில் சாளர விளிம்பு மயிரிழைதான். டச்பேடில் அதைப் பிடித்து இழுப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆல்ட் விசையோடு வலது பட்டனை அழுத்தி, சாளரத்தின் உட்புறத்திலிருந்தே இழுக்கலாம். ஆனால் திரையில் எங்கும் சொல்லப்படாத வசதி புதியவருக்கு இல்லாத வசதிதான். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். அப்போது ரேம் அளவைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு சாளரத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழில் ஒரு வரி தட்டுங்கள்.