தோட்டத்து வைத்தியம் – 9: உயிர்வேலியில் பழுப்புத் திட்டு

பிரிட்டனில் தெருவுக்குத் தெரு நிற்கும் லேலண்டி சைப்ரஸ் தற்செயலாகப் பிறந்த மரம். கலிஃபோர்னியாவின் மான்டெரி சைப்ரஸும் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர நூட்கா சைப்ரஸும் சொந்த மண்ணில் சந்தித்துக்கொண்டதே இல்லை. வேல்ஸில் லேட்டன் ஹால் பண்ணையில் இரண்டையும் அருகருகே நட்டதில், 1888இல் இந்தக் கலப்பினம் முளைத்தது. அசுர வளர்ச்சி. 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த வேலிகளால் அக்கம்பக்கத்தில் அத்தனை சண்டை. 2003இல் அதற்கென்றே சட்டப் பிரிவு வந்தது.

இந்த வேலியில் பழுப்பு விழுந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். பழுப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெட்டிய முகப்பு நெடுகப் பழுப்பா? கத்தரிதான் குற்றவாளி. இரண்டு கைகளாலும் கிளைகளை விலக்கிப் பாருங்கள்: வெளியே ஒரு சாண் பச்சை, உள்ளே வெறும் காய்ந்த குச்சிகள். உள்ளே அப்படி இருப்பது நோயல்ல, வெளிச்சம் படாத இடத்தின் இயல்பு. கவாத்து அந்தப் பச்சையைத் தாண்டினால் லேலண்டி பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை.

வேலியின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலேறும் பழுப்பு பெரும்பாலும் சைப்ரஸ் அசுவினியின் வேலை. 1986இல் மலாவியில் தென்பட்டு, சில ஆண்டுகளில் கென்யாவரை பரவி, சைப்ரஸ் தோட்டங்களைக் காயவைத்த பூச்சி இது. வேலிக்காரர்களை ஏமாற்றுவது இதன் கால இடைவெளிதான். வசந்தத்தின் பிற்பகுதியில் சாறு உறிஞ்சும். பழுப்பு நம் கண்ணில் படும்போது பூச்சி பெரும்பாலும் இடத்தைக் காலி செய்திருக்கும். அப்போது மருந்தடிப்பது காசுக்குக் கேடு. தண்டில் கரி பூசினாற்போல் கரும்பூசணம் படிந்திருந்தால் அதுவே சாட்சி. அடுத்த ஆண்டு மே, ஜூனில் கிளைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைகள் காய்ந்து, பட்டையில் பிசின் வடிந்தால் அது காங்கர் எனும் பூஞ்சை நோய். நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுங்கள். ஒரு மரம் மட்டும் மொத்தமாகக் கருகினால் கோளாறு வேரில். அடிமரப் பட்டையை உரித்துப் பாருங்கள்; உள்ளே காளான் வாசனையோடு வெள்ளைப் படலம் இருந்தால் அது ஹனி ஃபங்கஸ். மருந்து கிடையாது, வேரோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான். தெரு முனையில் அடியில் மட்டும் கருகியிருந்தால் நாய்களையும் சந்தேகிக்கலாம்.

சிறிய திட்டு என்றால் பக்கத்துப் பச்சைக் கிளைகளை இழுத்து அதன்மேல் கட்டிவிடுங்கள். ஓரிரு ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். கவாத்து ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில், சிறிது சிறிதாக. வேலி பரவலாகப் பழுப்பேறிவிட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பிடுங்கிவிட்டு யூ மரம் நடுங்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். குதிரையோ மாடோ மேயும் பக்கத்தில் மட்டும் யூ வேண்டாம். அதன் இலை நஞ்சு.