கம்பிக்குள் ஓர் ஒலி – 9: முதுகில் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர்

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில், ஒற்றைச் சுருள் வகையின் தொல்லையைச் சென்ற வாரம் பார்த்தோம். பக்கத்தில் மின்சாரம் ஓடினாலே போதும், கிட்டாரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் ஏறிவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமஸூ ஊரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையின் பொறியாளர் சேத் லவர் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்த முனையையும் மற்றதற்கு எதிராகத் திருப்பினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் தனக்குள்ளேயே கழிந்துபோகும். தந்தியின் அதிர்வோ ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் பிறந்த கதை இதுதான்.

1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது 1959 ஜூலையில். அதுவரை சும்மா இருக்க முடியுமா? ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று பொன்னிற எழுத்தில் சொல்லும் சிறு கறுப்பு ஸ்டிக்கரைப் பிக்கப்பின் அடியில் ஒட்டினார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். உரிமை கைக்கு வந்தபிறகும் 1962 வாக்கில்தான் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வந்தது. அதிலும் 2,737,842 என்றிருக்கும். அது கிட்டார் கலைஞர் லெஸ் பால் வாங்கிய, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கான காப்புரிமை எண். லவருடையது 2,896,491.

ஸ்டிக்கரைப் பார்த்து மட்டும் யாரும் பணம் கொடுத்துவிடாதீர்கள். காகிதத்தை இன்று எவரும் அச்சடிக்கலாம். பழைய அச்சு வார்ப்புகளின் தழும்பை அப்படியே கொண்டுவருவது அவ்வளவு எளிதல்ல. பிக்கப்பைத் திருப்பி, அடித்தகட்டின் இரு கால்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆங்கில ‘எல்’ வடிவில் மெல்லிய கருவித் தடம் தெரியும். மூடி இல்லாத பிக்கப் என்றால், சுருள் சுற்றிய பாபினின் மேல்முகத்தில் வட்டமும் சதுரமுமாக அமைந்த ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே எட்டிப்பார்த்தால் கம்பியின் எனாமல் பூச்சு கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து மினுங்கும். அறுபதுகளின் நடுவில் வந்தவற்றில் அந்தத் துளை போய், ‘டி’ எழுத்து வந்துவிட்டது. 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாபின்கள் சில கிரீம் நிறத்திலும் வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று கிரீம் என்று அமைந்ததற்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஸீப்ரா’.

சுருளுக்கு 5,000 சுற்று என்பது கணக்கு. கையில் வந்தது அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அல்நிகோ காந்தத்திலும் ஒரே ரகம் என்ற கட்டாயம் இல்லை. அதனால் மின்தடை ஒன்றில் 7 கிலோ ஓம், இன்னொன்றில் 9-ஐத் தொடும். இந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்கு இவற்றின் மீது தீராத காதலைத் தந்தது. ஒரே நாளில் ஒரே மேசையிலிருந்து எழுந்த இரண்டுக்கும் குரல் வேறு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உள்ளே என்ன நிறம் என்று பார்க்கும் ஆசையில் நிக்கல் மூடியைக் கழற்றாதீர்கள். மூடியின் இரு ஓரங்களையும் அடித்தகட்டோடு பிணைத்திருக்கும் அந்த ஈயப்பற்று, கலமஸூவில் யாரோ ஒருவர் கையால் வைத்தது. ஒருமுறை உருக்கிவிட்டால் அதை மறுபடி வைக்க ஆளில்லை. கிட்டாரின் ஜாக்கிலிருந்தே மல்டிமீட்டரால் மின்தடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)