விலையைக் கேட்கும் முன் ஊரைக் கேளுங்கள்

நாணயக் கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு போகிறார்கள்: “இது எவ்வளவுக்குப் போகும்?” பெட்டியின் அடியில் கிடந்த ஓட்டைக் காலணாவும், வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாயும் லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற புரளிதான் பலரை அங்கே அழைத்து வருகிறது. தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய காசுக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க நேர்ந்தது. மேசை மேசையாக நின்று பார்க்கும் ஆர்வலர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இது எங்கே கிடைத்தது?”

அந்தக் கேள்வியின் அருமையைப் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சி காட்டுகிறது. 1898இல் அங்கே ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அப்படி ஒரு காசு தனியாகக் கண்காட்சி மேசைக்கு வந்திருந்தால், சேதமான காசு என்று ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான காசுகளில் அதே வெட்டு இருப்பதால்தான் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிகிறது. காசாகப் புழங்காமல், எடைக்குரிய தங்கமாக மட்டும் இருக்கட்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

கண்காட்சிகளில் எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீராஜராஜ’. லென்ஸ் வைத்தால் கை கால்கள் வெறும் கோடுகளும் புள்ளிகளுமாகத் தெரியும். பராக்கிரமபாகு உள்ளிட்ட இலங்கை மன்னர்களும் பிற்காலத்தில் இதே அமைப்பில் காசு வெளியிட்டார்கள். சோழர் காசு எந்த ஊர்வரை புழங்கியது என்பதைச் சொல்ல, அது தஞ்சையில் கிடைத்ததா யாழ்ப்பாணத்தில் கிடைத்ததா என்பது தெரிந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வியாபாரமே காசை மண்ணிலிருந்து பிரிக்கிறது, கண்காட்சிகள் அதற்குத் துணைபோகின்றன என்பார்கள் தொல்லியல் அறிஞர்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சங்க கால மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நிலவிய காலத்தில், ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சதுரச் செப்புக்காசை 1980களில் அடையாளம் கண்டு எழுதியவர் அன்று தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அது அவர் வியாபாரியிடம் வாங்கிய காசுதான். சேகரிப்பாளரின் கண் இல்லாதிருந்தால் அது உருக்கும் பாத்திரத்துக்கே போயிருக்கலாம். ஆகவே கண்காட்சியை ஒதுக்குவதைவிட அங்கே கேட்கும் கேள்வியை மாற்றுவதே பயன் தரும். சட்டமும் துணை நிற்கிறது: 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

“கேட்டால் வியாபாரி உண்மை சொல்வாரா?” என்றும் கேட்கலாம். எல்லோரும் சொல்லமாட்டார்கள். ஆனால் விலை மட்டும் கேட்பவரிடம் விலையைத்தான் சொல்வார்கள். ஊரையும் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால், ஊரைக் குறித்துவைக்கும் வழக்கமும் வளரும். அதுவரை காசையே சோதிக்கலாம்: விக்டோரியா வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்ததில் சற்றுக் குறையலாம். வாங்கிய செப்புக்காசைக் குத்துவிளக்குபோல் புளி போட்டுத் துலக்கக் கூடாது. காலம் ஏற்றிய மேற்பூச்சும் எழுத்தின் விளிம்பும் சேர்ந்தே போய்விடும். ஆல்பத்தில் செருகும்போது விலையை எழுதும் சீட்டிலேயே, யாரிடம், எப்போது வாங்கியது, எந்த ஊரில் கிடைத்ததாகச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து அந்த ஆல்பத்தைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டு ஒன்றே சாட்சி.