குகையின் கூரைமேல் ஒரு கூடாரம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் கேவ் தேசியப் பூங்காவின் அடியில், இதுவரை அளந்து வரைபடமாக்கப்பட்ட குகைகளுள் உலகிலேயே மிக நீளமானது பரவிக் கிடக்கிறது. அதன் அளக்கப்பட்ட வழிகள் மட்டும் 680 கிலோமீட்டர் அளவை எட்டியிருக்கின்றன. ஆய்வாளர்கள் புதிய கிளைகளைக் கண்டறிந்து சேர்த்துக்கொண்டே இருப்பதால் அந்த எண் இன்னும் வளர்ந்து வருகிறது. 1941-இல் தேசியப் பூங்காவாகவும் 1981-இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தலமாகவும் ஏற்கப்பட்ட இவ்விடத்திற்கு வருவோரில் பலர், இரவைக் கூடாரத்தில் கழிக்க விரும்புகின்றனர். அவர்கள் எந்த முகாமிடத்தைத் தேர்வது என்று பார்க்கும்போது நிழலையும் ஆற்றங்கரையையும் மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. குகை நிலத்தில் தரைக்கு அடியில் இருப்பதே தங்குவோரின் வசதியையும் பொறுப்பையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகளே இங்கு குகையாக மாறின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகி, பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வழி அமைத்தது. இவ்வாறு கரைவினால் உருவாகும் நிலத்தை நிலவியலார் கார்ஸ்ட் என்பர். மேடுகளின் உச்சியில், சுண்ணாம்புக்கு மேலே மணற்பாறை அடுக்கு ஒன்று கூரை ஓடுபோலப் படர்ந்து மழைநீரை ஓரங்களுக்குத் தள்ளிவிடுவதால், அதன் கீழுள்ள பழைய வழிகள் உலர்ந்த நிலையில் இடியாமல் நிற்கின்றன. அந்த மூடி இல்லாத தாழ்நிலத்திலோ, மழைநீர் ஓடையாக ஓடாமல், தரை உள்வாங்கி உண்டான விழுங்குகுழிகளுக்குள் மறைந்து, நிலத்தடி வழிகளில் பாய்ந்து, கிரீன் ஆற்றின் கரையில் ஊற்றாக வெளிப்படுகிறது. மற்ற நிலங்களில் மணலும் மண்ணும் நீரை வடிகட்டித் தூய்மைப்படுத்தும். இங்கே நீர் குழாயில் பாய்வதைப் போல நேரே இறங்கிவிடுகிறது.

இதன் விளைவு என்ன என்பதற்கு, பூங்காவுக்கு அருகிலுள்ள ஹார்ஸ் கேவ் என்னும் சிற்றூரின் அடியில் இருக்கும் ஹிடன் ரிவர் குகையே சான்று. ஊருக்குக் குடிநீர் தந்த அந்தக் குகை, சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து, கடைத்தெரு வரை நாற்றம் வீசுமளவுக்குக் கெட்டதால், 1943-இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. 1989-இல் புதிய கழிவுநீர் அமைப்பு வந்த பிறகே நீர் தெளிந்து, 1990-களில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இப்பகுதியில் ஒரு முகாமிடத்தை மதிப்பிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே முறையான கழிப்பறையும் பாத்திரம் கழுவிய நீரைக் கொட்டுவதற்கென ஒதுக்கிய இடமும் இருக்கின்றனவா என்பதைத்தான். சோப்பு நுரையைப் புதர் ஓரம் ஊற்றுவது மற்றக் காடுகளிலேயே தவறு; இங்கே அது, கண்ணில்லா மீனும் வேறெங்கும் காணப்படாத கென்டக்கி குகை இறாலும் வாழும் நிலத்தடி ஆற்றில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

பூங்காவுக்குள் வாகனத்தில் சென்று தங்கத்தக்க முகாமிடங்கள் மூன்று. பார்வையாளர் மையத்திற்கு நடக்கும் தொலைவில் இருக்கும் மாமத் கேவ் முகாமிடமே பெரியது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள், மர நிழல், மேசை, தீ மூட்டும் வளையம், நீர் வசதியுள்ள கழிப்பறை ஆகியவை உண்டு. கேரவன்களுக்கு மின் இணைப்பு இல்லை. குளிர்காலத்தில் இது மூடப்படும். மேப்பிள் ஸ்பிரிங்ஸ் முகாமிடம் ஆற்றுக்கு வடக்கே, குதிரையுடன் வருவோருக்கும் பெரிய குழுக்களுக்கும் ஏற்றபடி அமைந்தது. பிரவுன்ஸ்வில் ஊருக்கு அருகிலுள்ள ஹவுச்சின் ஃபெர்ரி, ஆற்றை ஒட்டிய சிறிய இடம். கூடாரங்களுக்கு மட்டுமே உரியது. அமைதியை நாடுவோருக்கு இது மிகவும் பிடிக்கும் என்றாலும், ஆறு பெருகும் காலத்தில் தாழ்ந்த கரையில் கூடாரம் அடிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆற்றுக்கு வடக்கே தங்க எண்ணுவோர் படகுத்துறையைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்றியமையாதது. பூங்காவுக்குள் கிரீன் ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகு ஒன்றே வழி. நீர்மட்டம் மிகவும் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் படகு நிறுத்தப்படும். இரவிலும் அது ஓடாது. பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. படகு நின்றுவிட்டால், வரைபடத்தில் சில கிலோமீட்டர் தள்ளித் தெரியும் குகை வாயிலை அடைய பிரவுன்ஸ்வில் வழியாக நெடுந்தூரம் சுற்றி வர வேண்டியிருக்கும். காலையில் முதல் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கியவர்கள் தென்கரையில் தங்குவதே நல்லது.

கூடார இடத்தை முன்பதிவு செய்துவிட்டுக் குகைச் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதே பலர் செய்யும் பிழை. குகையின் பெரும்பகுதிக்குப் பூங்காக் காவலருடன்தான் செல்ல முடியும். கோடை விடுமுறையில் சீட்டுகள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. எளிய நடையிலிருந்து, மண்ணில் ஊர்ந்து செல்லும் ஆறு மணி நேரப் பயணம் வரை பல வகைகள் இருப்பதால், முதலில் சுற்றுலாவையும் அதன் நேரத்தையும் உறுதிசெய்து, அதற்கேற்ப முகாமிடத்தைத் தேர்வதே முறை. பூங்கா அமெரிக்க மத்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. வடக்கே லூயிவில் நகரத்தின் கடிகாரமோ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மின் இணைப்பும் வெந்நீரும் வேண்டும் குடும்பங்கள், பூங்காவுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய கேவ் சிட்டி என்னும் ஊரில் உள்ள தனியார் முகாம்களைப் பார்க்கலாம். எல்லாக் குகைப் பூங்காக்களிலும் இவ்வளவு தேர்வுகள் கிடைப்பதில்லை. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் பூங்காவுக்குள் வாகனத்தில் சென்று தங்கும் முகாமிடமே இல்லாததால், அங்கே வருவோர் வெளியேதான் இடம் தேட வேண்டும்.

எங்கே தங்கினாலும் துணிமூட்டையில் குளிருடை இருப்பது அவசியம். வெளியே கோடை வெயில் 30 பாகையைத் தாண்டும்போதும் குகையின் உட்பகுதி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் குளிரிலேயே இருக்கும். அந்த மூட்டையில் இருக்கக் கூடாதவையும் உண்டு: வேறொரு குகையில் அணிந்த காலணியும் உடையும். அதற்குக் காரணம் வெண்மூக்கு நோய். இது குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களின் தோலில் பூஞ்சை படர்ந்து, அவற்றை அடிக்கடி எழுப்பி, சேமித்த கொழுப்பைத் தீர்த்துப் பட்டினியில் கொல்லும் நோய். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் காணப்பட்ட இது வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களை அழித்து, 2013-இல் மாமத் கேவ் பூங்காவிலும் உறுதிசெய்யப்பட்டது. பூஞ்சையின் வித்துகள் காலணியிலும் உடையிலும் ஒட்டிப் பயணம் செய்வதால், குகையிலிருந்து வெளிவருவோர் அனைவரும் சோப்பு நீர் ஊறிய விரிப்பின் மீது நடந்துதான் செல்ல வேண்டும். அதனால்தான் வேறொரு குகையில் அணிந்தவற்றை இங்கே கொண்டுவராமல் வீட்டிலேயே விட்டுவர வேண்டும். இங்கே அணிந்தவற்றை அடுத்த குகைக்கு எடுத்துச் செல்லவும் கூடாது.